மைனஸ் பவர் என்று சொல்லிவிட்டார்களா? கிட்டப்பார்வைக்காரர்களுக்கு ஒரு முதல் வழிகாட்டி

'கிட்டப்பார்வை' என்ற பெயரே முதலில் ஆளைக் குழப்பிவிடும். "எனக்குப் புத்தகமெல்லாம் நன்றாகத்தானே தெரிகிறது, தூரத்தில் இருப்பதுதானே மங்குகிறது, பிறகு ஏன் கிட்டப்பார்வை என்கிறார்கள்?" என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மிச்சமிருக்கும் பார்வையைத்தான் பெயராக வைத்திருக்கிறார்கள். கிட்டத்தில் பார்வை உண்டு, தூரத்தில் இல்லை. பேச்சில் 'மைனஸ் பவர்' என்பதும் இதைத்தான். நாற்பது வயதுக்கு மேல் காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் படிக்க வைக்கும் வெள்ளெழுத்து வேறு சங்கதி. அதற்குக் காரணமும் வேறு, கண்ணாடியும் வேறு.

பன்னிரண்டு வயதிலிருந்து கண்ணாடி போடுகிறேன், கான்டாக்ட் லென்ஸும் பல வருடம் போட்டிருக்கிறேன். முதல்முறை கண் பரிசோதனைச் சீட்டு வாங்கியவர்களும், பிள்ளைக்குப் பவர் இருக்கிறது என்று கேட்டுத் திகைத்து நிற்கும் பெற்றோரும் எதிலிருந்து தொடங்கி எங்கே போகலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், கண்ணுக்குள் என்ன ஆகியிருக்கிறது

பிறந்த குழந்தையின் விழி முன்னிருந்து பின்வரை சுமார் 17 மில்லிமீட்டர் நீளம். வளர்ந்தவருக்குச் சுமார் 24. கண்ணின் முன்னே வளைந்திருக்கும் கருவிழியும் உள்ளே இருக்கும் லென்ஸும் சேர்ந்து வெளிச்சத்தை வளைத்து, பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையில் சரியாகக் குவிக்க வேண்டும். விழி தேவைக்கு மேல் நீண்டுவிட்டால் வெளிச்சம் திரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே குவிந்துவிடுகிறது. திரையைத் தொடும்போது அது மறுபடி விரிந்து மங்கல் ஆகிறது. ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடினால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று டயாப்டர் பவர் ஏறும் (டயாப்டர் என்பது பவரை அளக்கும் அலகு). அவ்வளவு நுட்பமான அளவு அது.

சிலருக்குக் கருவிழியின் வளைவு அதிகமாக இருப்பதாலும் இது வரும். பெரும்பாலோருக்குக் காரணம் நீளம்தான். நீண்ட விழி திரும்பச் சுருங்குவதில்லை. கண்ணாடி, லென்ஸ், லேசர் எல்லாமே வெளிச்சம் குவியும் இடத்தைத்தான் நகர்த்துகின்றன, விழியின் நீளத்தில் எதுவும் கை வைப்பதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கண்ணை உருட்டும் பயிற்சியில் பவர் போய்விடும் என்ற பேச்சையும், ஆபரேஷன் செய்தால் கிட்டப்பார்வையே ஒழிந்துவிடும் என்ற பேச்சையும் நீங்களே எடைபோட்டுவிடலாம். குழிலென்ஸ் ஏன் இந்தக் குறைக்கு உதவுகிறது என்று 1604-இல் விளக்கியவர் வானியலாளர் ஜொஹானஸ் கெப்ளர். இன்றுவரை அடிப்படை அதேதான்.

பவர் என்பது ஒரு தூரம்

சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, சின்ன எழுத்து அச்சிட்ட காகிதம் ஒன்றை மூக்கருகே பிடியுங்கள். மெல்ல விலக்கிக்கொண்டே போங்கள். எழுத்தின் ஓரம் கலையத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, கண்ணிலிருந்து காகிதம் வரை அளந்து பாருங்கள். நூறை அந்த சென்டிமீட்டரால் வகுத்தால் உங்கள் பவர் ஏறக்குறைய வந்துவிடும். எனக்கு வலக்கண்ணில் 22 சென்டிமீட்டர். சீட்டில் இருப்பது -4.50. இடக்கண்ணில் 25, சீட்டில் -4.00.

இப்படிப் பார்த்தால் -1.00 உள்ளவருக்கு ஒரு மீட்டர் வரை உலகம் தெளிவு, -2.00 என்றால் அரை மீட்டர். -6.00 என்றால் 17 சென்டிமீட்டர்கூட இல்லை, அதைத்தான் அதிகக் கிட்டப்பார்வை என்று தனியாகக் கவனிக்கிறார்கள். இந்த டேப் கணக்கு பரிசோதனைக்கு ஈடாகாது. சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாததற்கான பவர்) இருந்தாலோ, கண் தசை இறுகியிருந்தாலோ பிசகும். ஆனால் எண்ணுக்கு ஓர் உருவம் கிடைத்துவிடும்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். ஒரு அட்டையில் குண்டூசியால் துளையிட்டு, கண்ணாடி இல்லாமல் அதன் வழியே தூரத்து எழுத்தைப் பாருங்கள். தெளிவு கூடினால் குறை பெரும்பாலும் பவர் சம்பந்தப்பட்டது. கண்ணாடி போட்டும் மங்கல், துளை வழியாகவும் மங்கல் என்றால், கண்ணாடிக் கடைக்குப் போகாமல் நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள். பவருக்கு அப்பாற்பட்ட வேறு காரணம் இருக்கலாம். நாம் கண்ணை இடுக்கிப் பார்க்கும்போதும் இந்தத் துளை வேலையைத்தான் இமைகளால் செய்கிறோம்.

பரிசோதனையில் உட்காரும்போது

முதலில் ஒரு இயந்திரத்தில் தாடையை வைக்கச் சொல்வார்கள். உள்ளே தெரியும் படம் மங்கித் தெளியும். அது தரும் எண் வெறும் தொடக்கப் புள்ளி. அந்த எண்ணையே அப்படியே எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள். லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுவா, அதுவா?" என்று கேட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் ஒரு சூட்சுமம் உண்டு. மைனஸ் தேவைக்கு மேல் ஏறும்போது எழுத்து கறுப்பாகவும் சிறிதாகவும் ஆகும், கூடுதலாகப் படிக்க வருமா என்றால் வராது. பலர் அந்தக் கறுப்பைத் தெளிவு என்று நினைத்து "இதுதான் நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். விளைவு, தேவைக்கு மேல் பவர், சாயங்காலமானால் தலைவலி. கூடுதலாக ஒரு எழுத்தாவது படிக்க முடிகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் ஒன்றுபோல இருக்கிறது என்றே சொல்லுங்கள், அதுவும் சரியான பதில்தான்.

பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து விட்டுக் கண் தசையைத் தளர்த்திப் பார்ப்பது மிக முக்கியம். அவர்களுடைய தசைக்கு வலு அதிகம். அது இறுகி நின்றால் இல்லாத மைனஸ் இருப்பதுபோலக் காட்டிவிடும். பெரியவர்களுக்குச் சில நாட்களில் திடீரென்று பவர் ஏறினால் ரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். சர்க்கரை உயரும்போது லென்ஸ் மாறுவதால் அப்படி ஆகும். வயதானவர்களுக்குக் கண்புரையின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

சீட்டைப் படிப்பது சுலபம். வலது, இடது என்று இரண்டு வரி. ஸ்பியர் என்பது நாம் பேசிய மைனஸ். சிலிண்டர் என்று ஒரு எண் இருந்தால் கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லை என்று பொருள். ஆக்சிஸ் அதன் கோணம், 1 முதல் 180 வரை. பவர் கால் கால் டயாப்டராக, 0.25 அளவில்தான் நகரும். இரண்டு கண்மணிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை, 'பி.டி.' என்பார்கள், கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். பல சீட்டுகளில் அது இருப்பதில்லை. அது பிசகினால் சரியான பவரும் உறுத்தும். 6/6 என்பது, ஆறு மீட்டரில் தெரிய வேண்டியது உங்களுக்கும் ஆறு மீட்டரில் தெரிகிறது என்பது. 6/60 என்றால், மற்றவர் அறுபது மீட்டரிலிருந்தே படிப்பதை நீங்கள் ஆறு மீட்டர் வரை நெருங்கிப் போய்ப் படிக்கிறீர்கள்.

கண்ணாடி

யாராக இருந்தாலும் தொடக்கம் கண்ணாடியாக இருக்கட்டும் என்பது என் கருத்து. பின்னால் கான்டாக்ட் லென்ஸுக்கோ லேசருக்கோ போனாலும் வீட்டில் சரியான பவரில் ஒரு கண்ணாடி இருந்தே ஆக வேண்டும்.

மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லியது, ஓரத்தில் தடிப்பு. அகலமான ஃப்ரேம் எடுத்தால் அந்தத் தடித்த ஓரம் முழுவதும் வெளியே தெரியும். பவர் கூடுதலானவர்கள் சிறிய, கண்மணி ஏறத்தாழ நடுவில் வருகிற ஃப்ரேமைத் தேர்ந்தெடுத்தால், விலை கூடிய லென்ஸ் செய்யும் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். லென்ஸின் இண்டெக்ஸ் எண் 1.50, 1.60, 1.67, 1.74 என்று ஏற ஏறத் தடிப்பு குறையும். -2.00 உள்ளவருக்கு 1.74 வீண். பிள்ளைகளுக்கும் விளையாடுபவர்களுக்கும் பாலிகார்பனேட் போடுங்கள், சுலபத்தில் உடையாது. எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு இரவில் வண்டி ஓட்டுபவர்களுக்கு உண்மையாகவே உதவும். நீல ஒளி வடிகட்டிக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, திரை பார்ப்பதால் வரும் கண் அயர்ச்சியை அது குறைப்பதாகச் சான்று இல்லை என்றுதான் முடிவு சொன்னது.

புதுக் கண்ணாடியில் முதல் சில நாள் தரை சற்று வளைந்து, படிக்கட்டு ஆழம் பிசகித் தெரியலாம். சிலிண்டர் புதிதாகச் சேர்ந்திருந்தால் கூடுதலாகவே இருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் பழகவில்லை என்றால் பொறுத்துப் போகாமல் திரும்பப் போய்ச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கண்ணாடி போடப் போடப் பவர் ஏறும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அக்கறையில் சொல்வதுதான், ஆனால் சரியல்ல. கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் வளர்கிற வயதில் விழி நீளத்தான் செய்யும். கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் ஏறாது என்று பிள்ளைகளுக்குக் குறைந்த பவர் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் வளர்ச்சி நிற்கவில்லை. சிலவற்றில் கூடவே செய்தது.

பிள்ளைகளுக்கு என்றால் கதை வேறு

பெரியவர்களுக்குக் கண் தெரிந்தால் போதும். பிள்ளைகளுக்கு ஏறும் வேகத்தையும் குறைக்க வேண்டும். ஏழு வயதில் -1.00 என்பது பதினேழு வயதில் -1.00 போல லேசான விஷயம் அல்ல, முன்னால் இன்னும் பத்து வருட வளர்ச்சி இருக்கிறது. எத்தனை சின்ன வயதில் தொடங்குகிறதோ அத்தனை பெரிய எண்ணில் போய் நிற்க வாய்ப்பு அதிகம். இதைத்தான் பெற்றோரிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கண்ணாடி வாங்கிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

வெளியில் விளையாட விடுவது கிட்டப்பார்வை தொடங்குவதையே தள்ளிப்போடும். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். மூன்று வருடம் கழித்து அவர்களில் 30.4 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்றப் பள்ளிகளில் 39.5. முடிவு 2015-இல் வெளியானது. வீட்டுக்குள் வெளிச்சம் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), வெளியே நிழலில்கூடச் சில ஆயிரம். அந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் சுரப்பைத் தூண்டி, விழி நீள்வதைத் தடுக்கிறது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். நாளைக்கு இரண்டு மணி நேரம் என்பது நல்ல இலக்கு. புத்தகமோ போனோ முகத்திலிருந்து ஒரு அடியாவது தள்ளி இருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை தலையைத் தூக்கித் தூரமாகப் பார்க்கப் பழக்குங்கள்.

ஏற்கெனவே தொடங்கிவிட்டதென்றால் மருத்துவரிடம் மூன்று வழிகளைப் பற்றிக் கேளுங்கள். ஒன்று, இரவில் விடும் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு. ஹாங்காங்கில் 0.05, 0.025, 0.01 சதவீத மருந்துகளை ஒப்பிட்ட ஆய்வில் 0.05-தான் நன்றாக வேலை செய்தது. இரண்டாவது, நடுவில் முழுப் பவரும் சுற்றிலும் நுண்ணிய லென்ஸ் புள்ளிகளும் கொண்ட சிறப்புக் கண்ணாடி. இதில் ஒரு வகையை ஹாங்காங்கிலேயே இரண்டு வருடம் சோதித்தபோது பவர் ஏறுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மூன்றாவது கான்டாக்ட் லென்ஸ். பகலில் போடும் சிறப்பு மென்லென்ஸும் உண்டு, இரவில் போட்டுத் தூங்கிக் காலையில் கழற்றும் ஆர்த்தோ-கே கடின லென்ஸும் உண்டு. ஆர்த்தோ-கே கருவிழியை இரவோடு இரவாகத் தட்டையாக்குவதால் பகலில் கண்ணாடியே வேண்டாம். நிறுத்தினால் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். சுத்தம் தவறினால் கிருமித் தொற்று வரும் என்பதால், பிள்ளையை விடப் பெற்றோரின் ஒழுங்குதான் இதில் முக்கியம்.

எதை எடுத்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். முடிந்தால் விழியின் நீளத்தையே அளந்து குறித்து வையுங்கள். சிகிச்சையைச் சட்டென்று நிறுத்தினால் சிலருக்குப் பவர் வேகமாக ஏறும், நிறுத்துவதையும் மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள்.

கான்டாக்ட் லென்ஸ்

கண்ணாடிச் சீட்டை வைத்து லென்ஸ் வாங்க முடியாது. கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது, லென்ஸ் கண்ணிலேயே ஒட்டுகிறது. அதனால் -6.00 கண்ணாடிக்காரருக்கு -5.50 லென்ஸே போதும். வளைவு, விட்டம், கண்ணீரின் தன்மை எல்லாம் பார்த்துத்தான் பொருத்த வேண்டும்.

முதல் நாள் எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணுக்கு ஒட்டாத துணியில் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். விரல் ஈரமாக இருந்தால் லென்ஸ் கண்ணுக்குப் போகாமல் விரலிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆள்காட்டி விரல் நுனியில் லென்ஸை உட்கார வைத்து, கண் மட்டத்துக்குத் தூக்கி, பக்கவாட்டில் பாருங்கள். விளிம்பு நேராக மேலே எழும்பிக் கிண்ணம்போல இருந்தால் சரி. விளிம்பு வெளிப்பக்கம் மலர்ந்து தட்டுபோலத் தெரிந்தால் உள்வெளி மாறியிருக்கிறது, புரட்டிவிடுங்கள். நடு விரலால் கீழிமையை இழுத்து, மற்றக் கையால் மேலிமையைப் புருவத்தோடு சேர்த்துப் பிடித்து, நிலைக்கண்ணாடியில் தெரியும் உங்கள் கண்ணையே பார்த்தபடி வைத்துவிட்டு, கீழே பார்த்து மெல்ல மூடுங்கள். முதல் தடவை எனக்கு அரை மணி நேரம் ஆனது. ஒரு வாரத்தில் அரை நிமிடம்.

தண்ணீரும் லென்ஸும் சேரவே கூடாது. குழாய்த் தண்ணீரில் கழுவுவது, போட்டுக்கொண்டே குளிப்பது, நீந்துவது எல்லாம் ஆபத்து. நீரில் வாழும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியில் புகுந்தால் மாதக்கணக்கில் சிகிச்சை, பார்வையே போனவர்களும் உண்டு. தூங்குமுன் கழற்றுங்கள். பழைய திரவத்தின் மேலேயே புதுத் திரவத்தை ஊற்றி நிரப்பாதீர்கள், டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தினமும் தூக்கிப் போடும் லென்ஸ் கட்டுபடியானால் புதியவர்களுக்கு அதையே சொல்வேன், இந்தத் தொல்லைகளில் பாதி அதில் இல்லை. கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

லேசர் பற்றி யோசிக்கிறீர்களா?

பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும், குறைந்தது ஒரு வருடமாகப் பவர் மாறாமல் இருக்க வேண்டும். கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ தள்ளிப்போடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் பரிசோதனைக்குச் சில வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் கருவிழியின் உண்மையான வடிவம் தெரியாது.

கணக்கு இதுதான். கருவிழியின் தடிமன் சராசரியாக 540 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). லேசிக் என்ற லேசர் முறையில் முதலில் சுமார் 110 மைக்ரான் தடிப்பில் ஒரு மடிப்பைத் திறக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு டயாப்டருக்கும் 12 முதல் 15 மைக்ரான் வரை லேசரால் சீவுகிறார்கள். -5.00 என்றால் ஏறக்குறைய 70 போகும். மடிப்புக்குக் கீழே 360 மிஞ்சுகிறது, பாதுகாப்பானது. தொடக்கத்திலேயே 480 உள்ளவருக்கு -8.00 என்றால் இந்தக் கணக்கு இடிக்கும். அதனால் உங்கள் தடிமன் எவ்வளவு, சிகிச்சைக்குப் பின் எவ்வளவு மிஞ்சும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். நல்ல மருத்துவர் வரைபடத்தைக் காட்டிச் சொல்வார். கருவிழி கூம்பாகும் நோயின் சாயல் இருந்தால் லேசிக் கூடவே கூடாது.

மடிப்பில்லாமல் மேற்பரப்பிலேயே செய்வது பி.ஆர்.கே. சில நாள் வலியும் மங்கலும் இருக்கும், ஆனால் அடிபட்டால் நகரக்கூடிய மடிப்பு இல்லை. ஸ்மைல் முறையில் சின்னக் கீறல் வழியாக ஒரு மெல்லிய சில்லை எடுத்துவிடுகிறார்கள். கருவிழி மெலிந்தவர்களுக்கும் பவர் மிக அதிகமானவர்களுக்கும், கருவிழியைச் சீவாமல் கண்ணுக்குள்ளேயே ஒரு லென்ஸைப் பொருத்தும் ஐ.சி.எல். இருக்கிறது. வேண்டாமென்றால் அதை எடுத்துவிடலாம். லேசருக்குப் பின் சில மாதம் கண் வறட்சியும் இரவில் விளக்கைச் சுற்றி வளையமும் வருவது சகஜம், ஒரு சிலருக்கு அது நீடிக்கும். ஏற்கெனவே கண் வறண்டிருப்பவர்கள் முதலில் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

நாற்பதை நெருங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. -2.50 உள்ளவர் கண்ணாடியைக் கழற்றினால் 40 சென்டிமீட்டரில் தெளிவாகப் படிக்கலாம், வெள்ளெழுத்து வந்த பிறகும்கூட. லேசர் செய்தால் தூரம் கிடைக்கும், அந்த வசதி போய்விடும். எது பெரிது என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. செய்துகொண்டால், செய்வதற்கு முந்தைய அளவுகள் உள்ள காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். பல வருடம் கழித்துக் கண்புரை ஆபரேஷனுக்கு லென்ஸ் கணக்கிடும்போது அது கைகொடுக்கும்.

எதைச் செய்தாலும் விழித்திரையை விட்டுவிடாதீர்கள்

விழி நீண்டபோது அதன் உட்சுவரில் இருக்கும் விழித்திரையும் சேர்ந்து இழுபட்டு மெலிந்திருக்கிறது. லேசருக்குப் பின் கண்ணாடி இல்லாமல் 6/6 தெரிந்தாலும் உள்ளே இருப்பது அதே நீண்ட விழிதான். விழித்திரை கிழிவது, பிரிவது, கண்ணழுத்த நோய், நடுப்பார்வை கெடுவது எல்லாவற்றுக்கும் கிட்டப்பார்வைக்காரர்களுக்கு வாய்ப்பு அதிகம், பவர் ஏற ஏற இன்னும் அதிகம்.

கண்முன் கறுப்புப் புள்ளிகளோ நூல்களோ திடீரென்று கூட்டமாக மிதந்தால், ஓரத்தில் மின்னல் வெட்டினால், ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவதுபோல மறைத்தால், வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். இதற்கு வலி இருக்காது. அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். கிழிசலாக இருக்கும்போது லேசரால் ஒட்டிவிடலாம். திரை பிரிந்துவிட்டால் பெரிய அறுவை சிகிச்சை, போன பார்வை முழுதாகத் திரும்பும் என்ற உறுதியும் இல்லை.

ஒன்றும் இல்லாவிட்டாலும், -6.00-க்கு மேல் உள்ளவர்கள் வருடம் ஒருமுறை கண்மணியை விரித்துப் பார்க்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மற்றவர்கள் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சொட்டு விட்டு அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டியிருக்கும், பிறகு சில மணி நேரம் கிட்ட இருப்பது மங்கும், வெயில் கூசும். அன்று வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.